கூலி வாங்காத ஒரு மாதம்

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை



மலர்க்குழுச் செயலாளர் ஒருநாள் என்னைக் கேன்டீன் வாசலில் மடக்கினார். "நீதானே லீவுல ஒரு மாசம் கன்னியர் மடத்துல போயி சேவை செஞ்சே? 'தொண்டின் சிறப்பு'ன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தொண்டின் சிறப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் அரைப் பக்கத்துக்கு மேல் சரக்கு இல்லை. மீதி ஒன்றரைப் பக்கத்துக்கு இருப்பது ஒரு வழக்கு. அந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி. தலைப்பை மாற்றிக் கொண்டதற்கு ஆசிரியர் குழு மன்னிக்க வேண்டும்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் சேவை மனப்பான்மை பொங்கிப் போகவில்லை. ஒரு மாதம் தங்கி வேலை செய்தால் சர்டிபிகேட் தருவார்கள், கம்பெனி இன்டர்வியூவில் காட்டலாம் என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். அதற்காகப் போனேன். நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று 1969-ல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த மணிக்கணக்கை நம்மில் பலர் எப்படி நிரப்புகிறோம் என்பது நமக்குத் தெரியாததா? மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. பிறகு புளிசாதப் பொட்டலம்!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கல் உடைக்கிறார். அம்மா களையெடுப்பு, கடலை பறிப்பு, சித்தாள் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறார். லீவு விட்டால் நான் கல்யாண வீடுகளுக்கு சீரியல் செட் கட்டப் போவேன். நாளுக்கு 500 ரூபாய். வைகாசி மாதம் முழுக்க முகூர்த்தம். அப்படிப்பட்ட மாதத்தில் போய், "மடத்துக்குப் போறேம்மா" என்றேன்.

"சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் எல்லாம் இல்லம்மா. சாப்பாடு போட்டுத் தங்க எடம் குடுப்பாங்க."

"என்ன வேலை?"

"மாட்டுக் கொட்டகை, தோட்டம், வயசானவங்களுக்கு ஒத்தாசை..."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தச் சாணி அள்ளுற பொழப்பு வேணாம்னுதானடா உன்னப் படிக்க வெச்சோம்? அதையும் ஓசியில செய்யப் போறியா?" என்றார். திண்ணையில் இருந்த அப்பாயி, "வேதத்துல சேத்துப்புடுவாங்கடா, சூதானம்" என்று ஒரே போடாகப் போட்டது. அப்பாயிக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு மாதத்தில் யாரும் என் மதத்தைக் கேட்கவில்லை. முதல் நாள் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "தம்பிக்குப் பால் கறக்கத் தெரியுமா?" என்பதுதான்.

முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்போன மணப்பாறையிலிருந்து தெற்கே டவுன் பஸ்ஸில் போக வேண்டும். ஊர்ப் பெயரும் மடத்தின் பெயரும் போட வேண்டாம் என்று சிஸ்டர்கள் கேட்டுக்கொண்டார்கள். மேட்டாங்காட்டுச் செம்மண் பூமி. ஐந்து சிஸ்டர்கள், இருபத்து மூன்று ஆதரவற்ற பாட்டிகள், ஆறு மாடுகள், ஒரு போர்வெல், இரண்டு ஏக்கர் கடலைக்காடு. இதுதான் மடம். விடியற்காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். காலை ஆறு, நடுப்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு ஆகிய மூன்று வேளையும் மறுபடி மணி அடிக்கும். அடித்தால் அவரவர் நின்ற இடத்தில் அப்படியே நின்று மூவேளை ஜெபம் சொல்வார்கள். நான் ஜெபம் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் நிற்கும்போது நாம் மட்டும் எப்படி நடப்பது? தலையில் சாணிக்கூடையோடு நானும் நிற்பேன். சாணித் தண்ணீர் நெற்றியில் வழியும். ஜெபம் கொஞ்சம் நீளம்தான்!

பாட்டிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நகம் வெட்டிவிடுவது, வெந்நீர் தூக்குவது, கைத்தாங்கலாக வெயிலில் கொண்டுபோய் உட்கார வைப்பது என் வேலை. ஒரு பாட்டியிடம் பட்டன் போன் ஒன்று இருந்தது. "கரண்டு படிக்கிற தம்பி" என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் என்னிடம்தான் சார்ஜ் போடக் கொடுக்கும். அதில் இருந்த சிம் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். முப்பது நாளும் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

தலைமை சிஸ்டர் எம்.எஸ்சி. படித்தவர். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்குப் புனித ஆசீர்வாதப்பரைப் பற்றிச் சொன்னார். சுமார் 1500 வருடங்களுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த துறவி. வெளிநாட்டுக்காரர்கள் பெனடிக்ட் என்பார்களாம். துறவிகளுக்கென்று அவர் எழுதி வைத்த ஒழுங்கு நூலில், ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கியதைப் போலவே தினமும் கையால் செய்கிற வேலைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறாராம். மடத்துக் கருவிகளை, அது மண்வெட்டியானாலும் சரி, பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல மதித்துப் பேண வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாராம். இந்த விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. நாம் ஆயுத பூஜைக்கு ஒருநாள் லேத் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை தின்கிறோம். மறுநாளே அரத்தைத் துடைக்காமல் எறிகிறோம். அவர் வருடம் முழுக்க ஆயுத பூஜை கொண்டாடச் சொல்லியிருக்கிறார்!

ஆனால் கடைசியில் சிஸ்டர், "எங்களுக்கு வேலையும் ஒரு ஜெபம்தான் தம்பி. ஏழ்மையை நாங்க விரும்பி வார்த்தைப்பாடு குடுத்து ஏத்துக்கிட்டோம்" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு! "சிஸ்டர், எங்கம்மா வார்த்தைப்பாடு குடுக்காமலே ஏழையா இருக்காங்க. இருபது வருஷமா சாணி அள்ளுறாங்க. அதை யாரும் ஜெபம்னு சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாகிவிட்டது. சர்டிபிகேட் போச்சு என்று நினைத்தேன்.

சிஸ்டர் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்தார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது சரிதான். எனக்கு நாளைக்குக் காய்ச்சல்னா மருந்துக்கு மடம் இருக்கு. வயசாச்சுன்னா ஒரு கட்டிலும் இருக்கு. உங்கம்மாவுக்கு யாரு?" அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு உபதேசம் செய்யவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் வேறொரு அடி விழுந்தது. இது சரியான அடி. கடலைக்காட்டுக்குப் பக்கத்தில் காய்கறிப் பாத்தி இருந்தது. அதைக் கொத்தி, வாய்க்கால் எடுத்து, தண்ணீர் பாய்ச்சும் வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை! கல் உடைக்கிறவர் மகன், மண்வெட்டி பிடிக்கத் தெரியாதா? மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தேன். மறுநாள் காலை கேட்டருகே ஓர் அக்கா வந்து நின்றார். வழக்கமாக மடத்துக்குக் கூலிக்கு வருகிறவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு நாளுக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் சேவைக்கு வந்திருக்கேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப என் ஒலையில மண்ணப் போட வந்தியா?" என்றார் அக்கா.

தோழர்களே, அந்த அக்காவின் முகத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். வேலை இல்லை என்று காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குத் திரும்பி வரும் நாளில் எங்கள் அம்மாவின் முகம் அப்படித்தான் இருக்கும். நான் ஓசியில் கொத்திய அந்தப் பாத்தி, அந்த அக்காவின் இரண்டு மூன்று நாள் கூலி. மடம் ஏமாற்றவில்லை. ஓர் ஆள் சும்மா வந்து செய்துவிட்டான், கூலி ஆளைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். சேவை என்ற பெயரில் நான் எங்கள் அம்மா மாதிரி ஒருவரின் சோற்றில் கை வைத்துவிட்டேன்! இதைத்தான் ஆரம்பத்தில் வழக்கு என்றேன். நானும் குற்றவாளி என்றதும் இதனால்தான்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கே அது தோன்றியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு முடிவு செய்தோம். கூலிக்கு ஆள் வருகிற வேலை எதையும் நான் தொடக் கூடாது. அக்காவை மறுவாரம் கடலைக்காட்டுக்கு அழைத்துக் கொண்டார்கள். என்னோடு அவர் பேச இன்னும் ஒரு வாரம் ஆனது.

இந்த இடத்தில் வேறு ஓர் ஊர்ப் பயணத்தைச் சொல்ல வேண்டும். சிஸ்டர்கள் ஏதோ வேலையாகக் குளித்தலைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் என்கிற சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. கத்தோலிக்கத் துறவிகளின் ஆசிரமம். கோயிலுக்கு விமானம் எல்லாம் நம் ஊர்க் கோயில் பாணியில் இருக்கிறது! 1950-ல் இதைத் தொடங்கியவர்கள் ஜூல்ஸ் மோன்ஷானின், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள். காவி உடுத்தினார்கள், குடிசையில் இருந்தார்கள், சைவம் சாப்பிட்டார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பெயரும் வைத்துக்கொண்டார். நம் நாட்டுச் சந்நியாசிகளைப் போல ஏழ்மையாக வாழ வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர்கள். மோன்ஷானின் 1957-ல் இறந்தார். 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் என்ற இங்கிலாந்துத் துறவி வந்து பொறுப்பேற்று, 1993-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். மே மாதமானதால் காவிரியில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். அந்த மணலில் உட்கார்ந்து இதையெல்லாம் சிஸ்டர் சொல்லச் சொல்லக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் மலைப்பாகத்தான் இருந்தது. சொந்த ஊரில் சவுகரியமாக இருக்கக்கூடிய படித்த மனிதர்கள்!

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டுக்கொண்டு, "இந்தப் பக்கத்துலதான் நங்கவரம் பண்ணை. கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். 1957-ல் குளித்தலைத் தொகுதியிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனவர் கலைஞர் மு. கருணாநிதி. அவர் அங்கே பேசிய முதல் பேச்சு, நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையைப் பற்றியது. ஒரே வட்டாரம், ஒரே காலம். ஆற்றங்கரையில் இரண்டு பேர் ஏழ்மையைத் தேடிப் போய் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் வயற்காட்டு ஜனங்கள் அதே ஏழ்மையை உதறித் தள்ளப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் துறவிகளை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. 'எளிமை' என்று மேடையில் பேசுகிறவர்கள் இனிமேல் எந்த எளிமை என்று சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

சரி, கூலி வேலையைத் தொடக் கூடாதென்றால் மீதி மாதம் என்ன செய்தேன்? மோட்டார் காப்பாற்றியது. ஒரு நாள் சாயங்காலம் போர்வெல் மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் எடுக்கிறது, கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகிறது. ஐந்து சிஸ்டர்களும் என்னைப் பார்த்தார்கள். "கரண்டு படிக்கிற தம்பி" ஆயிற்றே! லோ வோல்டேஜ், ஓவர்லோடு ரிலே, சிங்கிள் பேசிங் என்று புத்தகத்தில் உள்ளதையெல்லாம் ஒப்பித்தேன். ரிலேயை ரீசெட் செய்து மறுபடி மறுபடி அமுக்கினேன். இரண்டு வருடம் எலக்ட்ரிகல் படித்த நான் அந்தப் பெட்டியைத் திறக்கத் துணியவில்லை என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

உள்ளூர் வயர்மேன் அண்ணன் வந்தார். எட்டாவது வரை படித்தவர். மெயினை ஆஃப் செய்தார், டெஸ்ட் லேம்ப் வைத்துக் கரண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார், மூடியைக் கழற்றினார். உள்ளே கான்டாக்டுக்கு நடுவே ஒரு பல்லிக்குட்டி செத்துக் காய்ந்து கிடந்தது. மூன்று பேஸில் ஒன்று சேரவே இல்லை! "இன்னும் நாலு தரம் நீ அமுக்கியிருந்தா வைண்டிங் கருகியிருக்கும். மோட்டாரை மேல ஏத்தி, பிரிச்சு, காயில் கட்டி... என்ன செலவு தெரியுமா? ரிலே விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு பாக்கணும். ரிலேகிட்டச் சண்டை போடக் கூடாது" என்றார். குச்சியால் பல்லியை எடுத்து, கான்டாக்டைத் துடைத்து, ஒயர் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தார். பத்து நிமிஷம்.

இப்போது ஒரு கேள்வி வரும். மின்சார வேலையை நான் ஓசியில் செய்தால் அந்த அண்ணன் வயிற்றில் அடித்ததாகாதா? எனக்கும் வந்தது. ஆகவே அவருக்குக் கையாளாகப் போவதென்று கேட்டுக்கொண்டேன். மடம் முழுக்க வயரிங் பார்க்கும் வேலையை அவருக்கே கூலி கொடுத்துச் சொன்னார்கள். நான் அவருடைய சீடப்பிள்ளை. மாட்டுக் கொட்டகைக்குப் புது எர்த்து போட்டோம். குழாய் நட்டு, சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். பரீட்சையில் பைப் எர்த்திங் படம் போட்டு நல்ல மார்க் வாங்கியவன் நான்; எர்த்து குழியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். குழி வெட்டக் கூலிக்கு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அக்கா. "நானும் வெட்டுறேங்க்கா" என்று போனேன். "நீ கரி ஒடை, போதும்" என்றார். அதுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலாண்டில் "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று விடுதித் தோழர்கள் கேட்டபோது "கான்ட்ராக்டர்" என்று சொன்னவன் நான். எம்.எஸ்சி. படித்த அந்த அம்மையார் என் தலையிலிருந்து சாணிக்கூடையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தேன். அதனால் நான் திருந்திவிட்டேன் என்று கதை விட மாட்டேன். அவருக்கு அது அசிங்கமில்லை. ஏனென்றால் இறக்கி வைத்தாலும் அவர் எம்.எஸ்சி.தான். அப்பா சம்மட்டியை இறக்கி வைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆனாலும் ஊர் வந்து சேர்ந்ததும் அப்பாவிடம் போய், கல்லில் எந்தப் பக்கம் அடித்தால் பிளக்கும் என்று கேட்டேன். பதினெட்டு வயசில் முதல் தடவையாக அவர் வேலையைப் பற்றி அவரிடம் கேட்கிறேன். அரை மணி நேரம் பேசினார். கல்லிலும் ரேகை ஓடுமாம்!

இப்போது கணக்கு. அந்த மாதம் எனக்குப் போன சீரியல் செட் வேலை 13 நாள். 6,500 ரூபாய். பரீட்சைக் கட்டணத்துக்கும் செருப்புக்கும் செட் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கழித்தேன். என் வகுப்பில் என்னைப் போல் லீவில் சம்பாதித்துப் படிக்கிறவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "சேவைக்கு வாருங்கள்" என்று அழைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. சாப்பிட்டு முடித்தவனால்தான் பரிமாற முடியும்.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நான்கு மாணவர்களை, துறைக்கு ஒருவராக, இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்புங்கள். மடமோ, மசூதி நடத்தும் பிள்ளைகள் இல்லமோ, மடாலயத்து அன்னதானக் கூடமோ, எதுவானாலும் சரி. மண்வெட்டி பிடிக்க அனுப்ப வேண்டாம். அதற்கு அந்தந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள், கூலிக்குக் காத்திருக்கிறார்கள். உள்ளூர் வயர்மேனுக்கும் பிட்டருக்கும் கையாளாக அனுப்புங்கள். போகிற மாணவன் அந்த மாதம் இழக்கும் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். "காசு வாங்கினால் அது சேவையா?" என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்பார்கள். சிஸ்டர்களுக்குச் சோறும் மருந்தும் கட்டிலும் மடம் கொடுக்கிறது. அவர்கள் செய்வது சேவை இல்லை என்று யாராவது சொல்கிறோமா?

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. போன ஆண்டு விழாவுக்குச் சங்கம் லைட் செட்டுக்கு மட்டும் எவ்வளவு செலவழித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டினவனே நான்தான்! அதில் பாதி போதும், நான்கு பேரை ஒரு மாதம் அனுப்பலாம்.

வருகிற விடுமுறைக்கு மடத்திலிருந்து போன் வந்துவிட்டது. மாவு மெஷினில் பெல்ட் கழன்று கழன்று விழுகிறதாம், பேரிங்கும் சத்தம் போடுகிறதாம். மெக்கானிக்கல் துறையில் யாராவது வருவதாக இருந்தால் என்னைப் பாருங்கள். பால் கறக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.